டால்டன் சாலையிலிருந்து நடந்துபோய் ஒரு மலைச்செம்மறி வேட்டை: பத்து நாள் கதை

வடக்கிருந்தவன்

சென்ற வாரம் குளிர்கால உடுப்பு பற்றிய இழையில் வாய் தவறி "ஆட்டு வேட்டைக்கு வாங்கிய மேலங்கி" என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து தனிமடலில் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே கொட்டிவிடுகிறேன். வேட்டை என்ற சொல்லுக்கே முகம் சுளிப்பவர்கள் தாண்டிப் போகலாம். திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நடந்தது 2017 ஆகஸ்டில். நான் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் குடியேறி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடன் வந்தவர் அலுவலக நண்பர், இந்த ஊரிலேயே பிறந்தவர். அதற்கு முன் எட்டு முறை ஆட்டுக்குப் போய் மூன்று முறைதான் கடாவோடு திரும்பியிருக்கிறார். எட்டுக்கு மூன்று என்றால் இங்கே அவரைக் கெட்டிக்காரர் என்பார்கள்.

ஆடு என்று நான் சொல்வது டால் செம்மறி. வில்லியம் ஹீலி டால் என்ற இயற்கையியலாளரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். உடம்பு முழுக்க வெள்ளை, கொம்பு தேன் நிறம். ஆகஸ்டில் பனி உருகிய கறுத்த சரளைச் சரிவில் அந்த வெள்ளைப் புள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணில் படும். பார்ப்பது சுலபம். அது நம்மைப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

போன இடம் புரூக்ஸ் மலைத்தொடர். ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே தொடங்கும் டால்டன் சாலை 666 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் கடலோர எண்ணெய் வயலருகே முடிகிறது. 1974இல் எண்ணெய்க் குழாய் போடுவதற்காக வெட்டிய சாலை, பெரும்பாலும் சரளை. வழியில் கோல்டுஃபுட் என்ற சிற்றூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டால் அடுத்த பங்க் 385 கிலோமீட்டர் தள்ளி. நாங்கள் இரண்டு உபரி டயர் கொண்டு போனோம், ஒன்று போகும்போதே செலவாகிவிட்டது. அடிகன் கணவாயைத் தாண்டினால் மரமே கிடையாது. அங்கே ஓரிடத்தில் வண்டியை விட்டோம். எந்தப் பள்ளத்தாக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே சம்பளத்தைக்கூடச் சொல்வார்கள், ஆட்டுப் பள்ளத்தாக்கைச் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சாலைக்கு இருபுறமும் ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர் வரை, துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது, வில் மட்டும் செல்லும். எங்களிடம் ரைஃபிள். ஆகவே எட்டு கிலோமீட்டரையும் நடந்து கடந்தால்தான் வேட்டையே ஆரம்பம். எட்டு கிலோமீட்டர்தானே என்று நானும் ஊரில் இருந்தபோது நினைத்தேன். அங்கே தரை என்று ஒன்று இல்லை. மனிதத் தலை அளவில் புல் முடிச்சு முடிச்சாக எழுந்து நிற்கும். முடிச்சின் மேல் கால் வைத்தால் தலையாட்டி பொம்மை போலச் சாயும், நடுவில் வைத்தால் கணுக்கால்வரை குளிர்ந்த சேறு. முதுகில் 27 கிலோ. ஏழு மணி நேரம் ஆயிற்று. கொசு குறையும் மாதம் என்றார்கள். குறைந்த பிறகே அது அவ்வளவு.

இரண்டாம் நாள் மழை பிடித்து, கடக்க வேண்டிய ஆறு இடுப்பளவு ஏறிவிட்டது. ஒரு நாள் முழுக்கக் கூடாரத்துக்குள் கிடந்தோம். நண்பர் தூங்கினார். நான் மிச்சம் இருக்கும் பேரீச்சம்பழங்களை எண்ணினேன். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் தொடையளவு இறங்கியதும் ஊன்றுகோலைக் குத்தி, இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கடந்தோம். விழுந்தால் மூட்டையைக் கழற்றி எறிய வேண்டும், அதற்குத்தான் அவிழ்ப்பது. கரையேறியபோது முழங்காலுக்குக் கீழே எனக்கு உணர்வே இல்லை. நான்காம் நாள்தான் கடாக்களைப் பார்த்தோம். மீதியை இரவு எழுதுகிறேன், பையனை நீச்சலுக்கு அழைத்துப் போக வேண்டும்.

கிடாவிருந்து

அண்ணே, பேரீச்சம்பழத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே! எங்கள் பக்கம் கோயில் கிடாவை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வெட்டி, மதியம் இலை போட்டுவிடுவோம். நீங்கள் ஆட்டைத் தேடி ஆறு தாண்டுகிறீர்கள். சீக்கிரம் வாருங்கள்.

பொதிகைச்சாரல்

முழுவதும் படித்துவிட்டுத் திட்டச் சொல்லியிருக்கிறார், ஆகவே காத்திருக்கிறேன்.

வடக்கிருந்தவன்

நான்காம் நாள்.

அதற்கு முன் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் கதை புரியாது. அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளில் இந்த வேட்டை ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 20 வரை. பெட்டையையும் இளங்கடாவையும் தொடக் கூடாது. கடா மூன்றில் ஒரு வகையாக இருக்க வேண்டும்: கொம்பு பக்கவாட்டில் பார்க்கும்போது 360 பாகையும் சுற்றி முழுச் சுருளாகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பின் நுனியும் ஒடிந்திருக்க வேண்டும், அல்லது வயது எட்டு நிரம்பியிருக்க வேண்டும். பிறந்த தேதியை ஆடு சொல்லாது, கொம்பு சொல்லும். குளிர்காலத்தில் கொம்பு வளர்வது நின்றுபோய், வசந்தத்தில் மறுபடி வளரும்போது அந்த இடத்தில் ஒரு வளையம் விழும். வளையங்களை எண்ணினால் வயது. எண்ணும்போது அந்த ஆடு முந்நூறு மீட்டர் தள்ளித் தலையை ஆட்டி ஆட்டி மேய்ந்துகொண்டிருக்கும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

அன்று காலை ஒரு முகட்டின் பின்னிருந்து எட்டிப் பார்த்தோம். எதிர்ச்சரிவில் ஐந்து கடாக்கள். நான்கு சந்தேகமில்லாமல் இளசுகள். ஐந்தாவது கொஞ்சம் கனத்தது, மார்பு தொங்கியது, மற்றவை படுத்திருக்க அது மட்டும் தனியே ஒரு திட்டில் நின்றது. முதல் வாய்ப்பு எனக்கு என்று புறப்படும்போதே பேசிவைத்திருந்தோம்.

காற்று அவற்றிடமிருந்து எங்கள் பக்கம் வந்தது. ஓர் ஓடையின் பள்ளத்தில் இறங்கி, மூட்டைகளை விட்டுவிட்டு, முழங்காலிலும் முழங்கையிலும் ஊர்ந்து மேலே வர இரண்டரை மணி நேரம். கூர்மையான சரளை, என் முழங்கால் இன்றைக்கும் அந்தச் சரிவை நினைவு வைத்திருக்கிறது. கடைசியில் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்தோம். தொலைவு 290 மீட்டர். முக்காலியில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கியை நிறுத்தினோம்.

இடது கொம்பின் நுனி முழுச் சுருளுக்கு ஒரு விரல் குறைவு போலத் தெரிந்தது. தலையைத் திருப்பினால் முழுதாகிவிட்டது போலத் தெரிந்தது. தலை ஒரு பாகை சாய்ந்தாலே சுருள் மாறிவிடுகிறது. சரி, வளையத்தை எண்ணுவோம் என்று எண்ணினோம். இளமையில் கொம்பு வேகமாக வளர்வதால் முதல் வளையங்களுக்கிடையே இடைவெளி அதிகம், வயதாக ஆக நெருங்கிக்கொண்டே வரும். அடித்தண்டில் கடைசி வளையங்கள் புடவைக் கொசுவம் போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ஆண்டுக் கணக்கில் சேராத பொய்வளையங்களும் உண்டு. நான் ஏழு எண்ணினேன். நண்பர் ஏழு எண்ணி, பிறகு எட்டு என்று, பிறகு மறுபடி ஏழு என்றார்.

ஆறு மணி நேரம் அங்கே படுத்திருந்தோம். ஒரு மனிதனைக்கூட நான் அவ்வளவு நேரம் விடாமல் பார்த்ததில்லை. அது அசைபோட்டது, தூங்கியது, எழுந்து காலால் தரையைக் கீறிவிட்டு மறுபடி அதே பள்ளத்தில் படுத்தது. வலது காதில் ஒரு கிழிசல். ஒரு முறை எங்கள் பாறையை நேராகப் பார்த்தது, நான் மூச்சை நிறுத்தினேன். பிறகு அதற்கு எங்கள் மேல் ஆர்வம் போய்விட்டது.

மாலை ஐந்து மணிக்கு நண்பர் என் காதருகே, "உன் வேட்டைச் சீட்டு, உன் முடிவு" என்றார். துப்பாக்கி என் தோளில்தான் இருந்தது. நான் குண்டை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்கும்போது இருவரும் பேசவில்லை.

மிளகாய்ப்பொடி

எட்டு இல்லை என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வார்கள்? நாள்கணக்கில் நடக்கும் மலையில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

வடக்கிருந்தவன்

மலையில் யாரும் வர மாட்டார்கள், தோழி. ஊருக்கு வந்த பிறகு பார்ப்பார்கள். சுட்ட 30 நாளுக்குள் மண்டையோட்டோடு கொம்பை மீன் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் அளந்து, வளையம் எண்ணி, கொம்பில் துளை போட்டு எண் பொறித்த ஓர் ஆணியை அடித்துத் தருவார்கள். தகுதியில்லாத கடா என்றால் பறிமுதல், வழக்கு. வேறு விதிகளும் உண்டு. விமானத்தில் வந்து இறங்கியவர் மறுநாள் அதிகாலை 3 மணிக்கு முன்னால் சுடக் கூடாது. பருவ காலத்தில் விமானத்தில் பறந்து ஆடு தேடவும் கூடாது. தின்னக்கூடிய கறியை மலையில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் தூக்கி வந்தால் அதுவும் குற்றம்.

நான் இங்கே குடியிருப்பவன் என்பதால் உரிமச் செலவு அற்பம். வெளிமாநிலத்துக்காரருக்கு ஆட்டுச் சீட்டு மட்டும் 850 டாலர், அதோடு உரிமம் பெற்ற வழிகாட்டியையோ இங்கே குடியிருக்கும் நெருங்கிய உறவினரையோ அழைத்துப் போவது கட்டாயம். வழிகாட்டி என்றால் இருபதாயிரம் டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும்.

கிடாவிருந்து

ஆறு மணி நேரம் குப்புறப் படுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினீர்களா? என் மாமா இருந்தால் அந்த இடத்திலேயே உங்களோடு பேச்சை நிறுத்தியிருப்பார்.

வடக்கிருந்தவன்

நண்பரும் இரவுச் சாப்பாடுவரை நிறுத்தித்தான் இருந்தார்.

ஐந்தாம் ஆறாம் நாள் மூடுபனி. கூடாரத்தின் கயிறு தெரியாது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் வானம் திறந்தது. இன்னும் உள்ளே ஒரு பள்ளத்தாக்குக்கு நகர்ந்தோம். சாலையிலிருந்து அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பிற்பகலில் நண்பர் தனியாக ஒரு கடாவைக் கண்டார், பாறை விளிம்பில் படுத்திருந்தது. இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை. கொம்பு சுருண்டு மூக்குப் பாலத்துக்கு மேலே ஏறி நின்றது. என்னைப் பார்த்தார். நீங்களே சுடுங்கள் என்றேன். முழங்கால் வீங்கியிருந்தது, 240 மீட்டர், கீழ்நோக்கிய கோணம், என் கை நடுங்கியது. காயப்படுத்திவிட்டு ஒரு செங்குத்துப் பாறையில் தேடிக்கொண்டு திரிய நான் தயாராக இல்லை. அவர் ஒரே குண்டில் முடித்தார். ஆடு எழுந்து மூன்றடி நடந்து விழுந்து, சரளையில் நாற்பது மீட்டர் உருண்டு நின்றது. உருண்ட அந்தச் சத்தத்தை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகுதான் வேலை. தோலை உரித்து, தொடை, முன்சப்பை, முதுகு, விலா, கழுத்து, நெஞ்சு என்று எல்லாக் கறியையும் எலும்பு நீக்கித் துணிப்பைகளில் கட்டினோம். முப்பது கிலோவுக்கு மேல். கொம்பும் மண்டையும் தோலும் தனி. கரடி வாடை பிடித்து வரும் என்பதால் கறியைக் கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, வெட்டவெளியில், காற்றடிக்கும் பாறை மேல் வைத்தோம். அந்த அட்சரேகையில் ஆகஸ்ட் நடுவில் இரவு முழு இருட்டாவதில்லை. நள்ளிரவுச் சாம்பல் வெளிச்சத்தில் நான் அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கரடி வரவில்லை. ஒரு நரி வந்தது, ஒரு துண்டுக் கொழுப்போடு போனது.

எட்டாம் நாள் புறப்பட்டு வண்டிக்கு வந்து சேர மூன்று நாள். ஆளுக்கு நாற்பது கிலோவைத் தாண்டியது. புல் முடிச்சு, ஆறு, எல்லாம் மறுபடி. முதுகில் நாற்பது கிலோ இருக்கும்போது விழுந்தால் ஆமையைப் போலப் புரண்டு எழ வேண்டும். நான் பதினோரு முறை விழுந்தேன். எண்ணுவது பழக்கமாகிவிட்டது.

ஃபேர்பேங்க்ஸ் அலுவலகத்தில் எண்ணியபோது அந்தக் கடாவுக்கு வயது ஒன்பது.

மிளகாய்ப்பொடி

எல்லாம் சரி. கறி எப்படி இருந்தது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

வடக்கிருந்தவன்

விறகு கிடையாது, காஸ் அடுப்பு மட்டும். ஒரு சிறு புட்டியில் நெய், காகிதத்தில் மடித்த மிளகு, கல்லுப்பு கொண்டு போயிருந்தேன். முதுகுக்கறியை ரூபாய்க் காசு கனத்துக்குச் சீவி, குவளை மூடியில் நெய் விட்டுப் புரட்டினேன். செம்மறி வாடை இல்லை. வெள்ளாட்டின் கடிப்பும் இல்லை. மலைச்சரிவு முழுக்க நெல்லிக்காயில் பாதி அளவுக்கு நீலப் பழங்கள் பழுத்துக் கிடந்தன. அவற்றை நசுக்கி மேலே போட்டது நண்பரின் யோசனை. வீட்டுக்கு வந்து என் மனைவி அதே கறியில் சுக்கா செய்தாள். குவளை மூடியில் செய்ததுதான் நன்றாக இருந்தது, இதை அவள் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பொதிகைச்சாரல்

முழுவதும் படித்துவிட்டேன். இப்போது என் முறை.

நன்றாக எழுதுகிறீர்கள், அதுதான் சிக்கல். பத்து நாள், இரண்டு டயர், ரைஃபிள், தொலைநோக்கி, மேலங்கி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த முப்பது கிலோ கறிக்கு ஆன செலவில் உங்கள் ஊர்க் கடையில் ஒரு மந்தையே வாங்கலாம். ஆகவே இது உணவுக்காக இல்லை. நான்காம் நாள் சுடாமல் வந்ததைப் படிக்கும்போது எங்களுக்குக் கண் கலங்குகிறது, ஏழாம் நாள் சுட்டதை நாங்கள் மறந்துவிட வேண்டும் என்று கதை அமைந்திருக்கிறது. அந்த ஒன்பது வயதுக்காரன் உங்களுக்கு என்ன செய்தான்?

வடக்கிருந்தவன்

உணவுக்காக என்று நான் சொன்னால் பொய். கறியை வீணாக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். உணவுக்காக ஆடு அடிப்பவர்கள் இதே மலையில் இருக்கிறார்கள். அனக்டுவுக் கணவாயின் நூனமியுட் மக்களும், கிழக்கே கக்டோவிக் ஊர்க்காரர்களும். அவர்களுக்கு ஆடு சந்தையில் கிடைக்காது, அவர்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம் இது. அவர்கள் பெயரைச் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை.

சுடாமல் வந்தது கருணையால் இல்லை. தப்பான கடாவைச் சுட்டு மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் பாதி. மீதி பாதி என்னவென்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

வால்பாறைவாசி

நான் வரையாட்டுக் கணக்கெடுப்பில் களப்பணி செய்தவன், அந்த அனுபவத்தில் இரண்டு வார்த்தை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடு. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியிலும் மூணாறு மேட்டிலும் சுட்டுத் தீர்த்த பிறகு எஞ்சியவற்றின் வழிவந்தவை இவை. இதில் ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் இரவிகுளத்தில் இன்று இத்தனை வரையாடு இருப்பதற்குக் காரணம், அங்கே தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்காக அந்தப் புல்வெளியைப் பாதுகாத்து வைத்திருந்தது. 1975இல்தான் அது சரணாலயமாயிற்று, 1978இல் தேசியப் பூங்கா. வேட்டைக்காரன் காட்டைக் காப்பாற்றினான் என்பதும் உண்மை, காட்டில் இருந்ததைச் சுட்டான் என்பதும் உண்மை.

இன்னொன்று. வரையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீலகிரித் தார் என்று பெயர் இருந்தாலும் மரபணு ஆய்வில் அது இமயமலைத் தார் என்ற காட்டாட்டைவிடச் செம்மறி இனத்துக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து, 2005இல் தனிப் பேரினமாக்கினார்கள். சங்கப் பாட்டில் வருடை எனப்படும் இந்த வரையாடு உங்கள் டால் கடாவுக்குத் தூரத்துப் பங்காளி. அந்த உரிமையில் கேட்கிறேன்: வயதான கடாவை மட்டும் எடுத்தால் மந்தைக்குக் கேடில்லை என்பது உங்கள் ஊர்க் கொள்கை. இன்று அந்தப் பள்ளத்தாக்குகளின் நிலை என்ன?

வடக்கிருந்தவன்

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

நிலை மோசம். 2019க்குப் பிறகு வரிசையாகக் கெட்ட குளிர்காலங்கள். பனி அதிகம் பெய்தது ஒரு பக்கம். குளிர்காலத்து நடுவில் மழை பெய்து, அது பனிமேல் கண்ணாடியாக உறைந்துவிட்டது இன்னொரு பக்கம். காற்று பனியை ஊதித் தள்ளிய முகடுகளில் புல்லைத் தேடித்தான் இந்த ஆடுகள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. மேலே ஐஸ் ஓடு போட்டால் குளம்பால் உடைக்க முடியாது. வசந்தமும் தாமதம். பெட்டைகள் மெலிந்து, குட்டிகள் பிழைக்கவில்லை. 2022இல் டால்டன் சாலையை ஒட்டிய கூட்டாட்சி நிலங்களில் ஆட்டு வேட்டையை எல்லாருக்குமே மூடிவிட்டார்கள்.

சுட்டதால் குறையவில்லை என்பது பெரும்பாலான வேட்டைக்காரர்களின் கட்சி. கடா குறைந்தாலும் பெட்டைகள் சினையாகும், பனிதான் காரணம் என்பார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் எனக்குச் சாதகமான வாதம் எனக்குச் சரியென்று படுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கால்கரிக்காரி

எங்கள் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இதைப் பற்றி நெடுநாள் சண்டை. இங்கே இருப்பது பிக்ஹார்ன், டாலின் பழுப்பு நிறச் சகோதரன். ராம் மலை என்ற இடத்தில் பல பத்தாண்டு ஒவ்வோர் ஆட்டையும் அடையாளமிட்டு ஆராய்ந்தார்கள். அங்கே முழுச் சுருள் கேட்கவில்லை, ஐந்தில் நான்கு பங்கு சுருள் போதும் என்பது 1996வரை சட்டம். 2003இல் வந்த ஆய்வுக்கட்டுரை என்ன சொன்னது தெரியுமா? கொம்பு வேகமாக வளரும் கடா சீக்கிரமே அந்த அளவை எட்டிவிடுகிறது, இனம் பெருக்கும் வயதுக்கு முன்பே சுடப்படுகிறது. சோம்பலாகக் கொம்பு வளர்ப்பவன் பிழைத்துப் பிள்ளை பெறுகிறான். தலைமுறை தலைமுறையாகக் கொம்பு சிறுத்துவிட்டது. எவ்வளவு தூரம் சிறுத்தது, வேறு காரணமும் உண்டா என்று பிறகு மறுப்புகளும் வந்தன, விவாதம் முடியவில்லை. ஆகவே முழுச் சுருளோ எட்டு வயதோ என்ற அலாஸ்கா சட்டம் எங்களுடையதைவிட நல்லது என்பேன். "நல்லது" என்பதுடன் நிறுத்திக்கொள்கிறேன், "போதும்" என்று சொல்லவில்லை.

வேட்டைக்காரர்களும் வேட்டையை எதிர்ப்பவர்களும் சேர்ந்து கவலைப்பட வேண்டிய ஒன்றை யாரும் எழுதவில்லை. நுரையீரல் நோய். பண்ணைச் செம்மறியிடமிருந்து ஒரு நுண்ணுயிர் தொற்றி பிக்ஹார்ன் மந்தைகள் மொத்தமாகச் சரிந்திருக்கின்றன. 2018இல் அதே நுண்ணுயிர் அலாஸ்காவின் டால் ஆடுகளிலும் இருப்பதாகக் கண்டார்கள். ஒரு துப்பாக்கி ஒரு கடாவைக் கொல்லும். பண்ணையிலிருந்து வழிதவறிய ஓர் ஆடு ஒரு பள்ளத்தாக்கையே கொன்றுவிடும்.

பொதிகைச்சாரல்

இப்படிப் பேசினால் நான் கேட்பேன். பனி, நோய், கொம்பு என்று ஆளாளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். குறைந்துவரும் விலங்கைப் பொழுதுபோக்குக்குச் சுடுவதற்கு "சட்டம் அனுமதிக்கிறது" என்பது பதிலா?

கால்கரிக்காரி

பதில் இல்லை. ஆனால் ஒரு பழைய கதை உண்டு. சார்லஸ் ஷெல்டன் என்ற வேட்டைக்காரர் 1906இல் அலாஸ்காவின் டெனாலி மலையடிவாரத்துக்கு டால் கடா சுடத்தான் போனார். அடுத்த ஆண்டு திரும்பிப் போய் ஒரு மரக்குடிலில் குளிர்காலம் முழுக்கத் தங்கி ஆடுகளைப் பார்த்தார். சந்தைக்குக் கறி விற்க ஆட்டை மொத்தமாக அடிப்பவர்கள் வரப்போகிறார்கள் என்று பயந்து, பல ஆண்டு அலைந்து வாதாடினார். 1917இல் அது தேசியப் பூங்காவாயிற்று. சுட்டவரும் அவர்தான், மூடச் சொன்னவரும் அவர்தான்.

பொதிகைச்சாரல்

ஷெல்டன் பூங்கா வாங்கித் தந்தார். நம் நண்பர் சுக்கா வாங்கித் தந்தார்.

கிடாவிருந்து

அம்மா தாயே, இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

மட்டுறுத்துநர்

விவாதம் தரம் குறையாமல் போகிறது, மகிழ்ச்சி. துப்பாக்கி வாங்குவது பற்றி வந்த இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், இங்கே பேசப்படுவது அலாஸ்கா என்பதை மறக்க வேண்டாம்.

வடக்கிருந்தவன்

பொதிகைச்சாரல் அவர்களுக்கு: சட்டம் அனுமதிக்கிறது என்பது பதில் இல்லைதான். 2017க்குப் பிறகு நான் சீட்டு எடுக்கவில்லை. கொள்கையால் என்று சொல்லிப் பெயர் வாங்க ஆசைதான், உண்மையில் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று. நண்பர் இன்னும் போகிறார், வேறு பள்ளத்தாக்குக்கு. நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறேன்.

அந்த நான்காம் நாள் கடாவை ஸ்கோப்பின் கண்ணில் செல்பேசியை ஒட்டவைத்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நண்பரின் கடாக் கொம்பில் ஆணி அடிக்கப் போன அன்று துறை அலுவலரிடம் காட்டி, "இதற்கு ஏழா எட்டா?" என்று கேட்டேன். "படத்தைப் பார்த்து வயது சொல்வதில்லை" என்று சிரித்துவிட்டார். இங்கே ஏற்றியிருக்கிறேன். எண்ணிப் பாருங்கள்.

கிடாவிருந்து

எட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வால்பாறைவாசி

கண்ணைத் திறந்து பாருங்கள். நுனியிலிருந்து மூன்றாவது பொய்வளையம், ஓரம்வரை ஓடவில்லை. ஏழு.

கால்கரிக்காரி

நுனி தேய்ந்திருக்கிறது, ஆகவே குட்டிப்பருவத்து முதல் வளையம் போயே போயிருக்கலாம். அதையும் சேர்த்தால் எட்டு. சேர்க்காவிட்டால் ஏழு. நானாக இருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்.

மிளகாய்ப்பொடி

படத்தைப் பெரிதாக்கினால் அடித்தண்டில் இரண்டு கோடு தெரிகிறது, சிறிதாக்கினால் ஒன்று. மதியத்திலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் சாம்பார் தீய்ந்துவிட்டது.

பொதிகைச்சாரல்

நானும் எண்ணினேன், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவதுவரை தெளிவு, பிறகு நிழல். ஏழரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரையைக் கண்டால் ஒதுங்கிப் போவது நம் ஊர் வழக்கம்தானே.

மிளகாய்ப்பொடி

இது இடது கொம்பு. வலது கொம்பின் படம் இல்லையா?

வடக்கிருந்தவன்

இருக்கிறது, தேடி ஏற்றுகிறேன். அதில் காதின் கிழிசல் நன்றாகத் தெரியும். கொம்புக்குக் குறுக்கே ஒரு கொசு.